தாத்தா சாமிக்கு ஓர் ஆட்டம்

சாயங்காலம் ஆனதும் எங்கள் விடுதியை நடத்தும் புன்மா அக்கா மாடிப்படித் திருப்பத்தில் நின்று சுவரில் உள்ளங்கையை வைக்கிறார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. கண்கள் பாதி மூடியிருக்கும். பிறகு, "பக்கத்துக் கடை முழிச்சிருச்சு. எதிர்க்கடை இன்னும் பொரண்டு படுத்திருக்கு" என்பார். அவர் சொல்வது மதுக்கூடங்களை. பட்டாயா கடற்கரையிலிருந்து பிரியும் எங்கள் சந்தில் ஒலிபெருக்கியின் அதிர்வு காதுக்கு வருமுன்பே சுவருக்கு வந்துவிடும். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இந்த வீட்டில் அறை எடுத்தேன். படிப்பு முடிந்து, கடலோர விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். சுவரைத் தொடாமல் அக்கா ஒரு மாலையைத் தொடங்கி இதுவரை பார்த்ததில்லை.

தூக்கம் வராத அறைகள் என்பதால் வாடகை குறைவு. கீழ்த்தளத்தில் சுற்றுலாக்காரர்கள், மேலே சந்தில் வேலை செய்கிறவர்கள். மொட்டைமாடிக் கொடியில் ஆட்டக்காரிகளின் ஜிகினாப் பாவாடைகளுக்கு நடுவே என் வெள்ளைச் சட்டையும் காயும். காற்றடித்தால் அதன்மேல் வெளிச்சப் புள்ளிகள் மீன்குஞ்சுகள் மாதிரி ஓடும். பகலில் சந்து கடலுக்கு அடியில் கிடப்பதுபோல இருக்கும். எரியாத வண்ணக் குழல்விளக்குகள், கவிழ்த்த நாற்காலிகள், நடுத்தெருவில் உறங்கும் நாய்கள். அந்த நேரத்தில் அக்கா சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றித்தான் எடுத்துப்போவார். இந்த நகரத்திலேயே அதிகச் சத்தமான தெருவில், சாவிச் சத்தம் கேட்டு யாரும் விழித்துவிடக் கூடாதாம்.

சத்தம் தாங்காமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு, காதில் அடைக்கத் தைலம் தொட்ட பஞ்சை ஒரு தட்டில் வைத்து இனிப்புபோல நீட்டுவார். "மூணு நாள் பொறுத்துக்கோ. அப்புறம் ஊருக்குப் போனா ஒனக்குத் தூக்கம் வராது." வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. அவர் மகனுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

மகன் பெயர் மேக். தாய்லாந்து மொழியிலும் மேகம் என்றுதான் பொருள். இந்த வீட்டுக் கீழ்த்தளத்து வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருக்கும் அறையில் பிறந்து வளர்ந்தவன். எதிர்க்கடை முரசுதான் அவன் தொட்டிலை ஆட்டியது என்பார் அக்கா. இருபத்தொரு வயதில் எல்லாப் பையன்களையும்போல அவனும் பட்டாளத்துச் சீட்டு எடுக்கப் போனான். சிவப்பு வந்தால் பட்டாளம். கறுப்பு வந்தால் வீடு. முந்தின நாள் அக்கா சந்து முனைக் கோயிலில், சந்தைக் காக்கும் தாத்தா சாமியிடம் நேர்ந்துகொண்டார். மற்றவர்கள் கூலிக்கு ஆட்டக்காரிகளைக் கூட்டிவந்து நேர்த்திக்கடன் கழிப்பார்கள். அக்கா வேண்டியது வேறு. "இந்தச் சந்துல எல்லாரும் ஊர்க்காரனுக்கெல்லாம் ஆடுறாங்க. நான் ஒருத்தருக்கும் ஆடினதில்ல. கறுப்பு வரட்டும், ஒனக்கு மட்டும் நானே ஆடுறேன்."

கறுப்புதான் வந்தது. மகன் துள்ளினான். அக்கா மயங்கி விழுந்தார். ஆட்டத்துக்குப் பட்டுத்துணிகூட எடுத்தாயிற்று. அதற்குள் மேக் சுற்றுலா விசாவில் கொரியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அனுமதிச் சீட்டில்லாமல் அங்கே உழைக்கிற எங்கள் நாட்டு ஆட்களைக் குட்டிப்பேய் என்கிறோம். அவன் இப்போது ஒரு ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் குட்டிப்பேய். பிடித்தால் சிறையில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். தானாக வந்துவிட்டாலோ மறுபடி போக முடியாது.

"சிவப்பு வந்திருந்தா சத்தஹீப் கடற்படை முகாம்தான். வேன்ல ஒரு மணி நேரம். வாராவாரம் சோறு கட்டிட்டுப் போயிருப்பேன்" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார். "கறுப்பு வரணும்னு கேட்டேன் தம்பி. பக்கத்துல இருக்கணும்னு கேக்க மறந்துட்டேன்."

தோட்டத்து அமைதியில் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. இருட்டியதும் கூப்பிடுவான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அக்கா கைப்பேசியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். அந்தப் பக்கம் மூச்சு சீராகும்வரை கையை எடுக்கமாட்டார். படியேறுகிற நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொள்வோம்.

ஆட்டம் மட்டும் நடக்கவில்லை. வாசலில் பப்பாளிக்காய் இடித்து விற்கும் கம்பான், அக்காவின் ஊர்க்காரி, விடமாட்டாள். நேர்ந்துகொண்டு கழிக்காமல் இருந்தால் சாமி சும்மா இருக்காது என்று தினமும் உலக்கை ஓசையோடு எச்சரிப்பாள். ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள்.

"ஏண்டி புன்மா, தாத்தா என்ன தங்கமா கேட்டாரு? ரெண்டு சுத்து சுத்தினா தீந்துது. இடுப்பு பிடிச்சுக்கும்னு பயமா?"

அக்கா மிளகாய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "கூலி வாங்கினவன் வீட்டுக்குப் போயிடுவான்டி. எம்புள்ள அங்க இருக்கிறவரைக்கும் தாத்தா வேலையில இருக்கணும்."

கம்பானின் உலக்கை நின்றது. "அப்போ ஒன் முட்டி வலி எதனால வந்துச்சுன்னு நெனக்கிற?"

"தெரியும். வலிக்குதுன்னா அவரு இன்னும் மறக்கலன்னு அர்த்தம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். கடல் தாண்டி அவரு கை எட்டுமா?"

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இப்படிப்பட்ட நம்பிக்கைகளுக்கு வகுப்பில் ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பெயரை அங்கே எடுத்துப் பார்த்தேன். அக்காவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. "எட்டும்க்கா" என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேனா, நம்பித்தான் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

போன வாரம் வேலைக்குக் கிளம்பும்போது அவரைக் கோயிலில் பார்த்தேன். சிவப்பு சோடா பாட்டிலைப் படியில் வைத்து, உறிஞ்சுகுழலைச் சாமி பக்கம் திருப்பிவிட்டு, கைகூப்பி நின்றார். தோட்டத்துப் பக்கம் சோதனை நடப்பதாக மேக் சொல்லி இரண்டு நாளாகியிருந்தது. அப்புறம் அவன் கூப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்க்கடையில் ஒலிபெருக்கியைச் சோதிக்க ஒரு பாட்டைப் போட்டார்கள். அக்காவும் நானும் பிறந்த வடகிழக்குப் பக்கத்து மெட்டு, அறுப்பு முடிந்த ஊர்களில் கேட்பது. அக்காவின் குதிகால் மெல்ல எழுந்தது. தோள் ஒன்று சாய்ந்தது. கூப்பிய கைகள் பிரிந்து, வலக்கை விரல்கள் ஆட்டக்காரியின் விரல்கள்போலத் தாமாகவே பின்னால் வளைந்தன.

அவருக்கே அது தெரிந்துவிட்டது. வளைந்த விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாக மடக்கினார். சட்டென்று தரையில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார், பாட்டு முடியும்வரை.