இடது மூலையில் என் கட்டைவிரல்

கேசட்டின் வாய்க்குள் ஊதினால் உதட்டில் லேசாகத் துருச்சுவை ஒட்டும். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை ஒன்று மூக்கில் ஏறும். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு முழுக் கோடை விடுமுறையை அந்த வாசனையோடுதான் கழித்தோம், நானும் என் அண்ணன் டேனியலும். அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. மஸ்கட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கையடக்க வீடியோ கேமோடு கூடவே வந்த கேசட் சீக்கிரமே செத்துப்போக, அப்பா பஜாரில் தேடிப்பிடித்து இன்னொன்று வாங்கிவந்தார். அது "டூப்ளிகேட்". பள்ளத்துக்குள் சரியாக உட்காராமல் லொடலொடவென்று ஆடியது.

ஊதிப் பார்த்தோம், ரப்பரால் தேய்த்துப் பார்த்தோம், அம்மாவின் சென்ட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து அடியும் வாங்கினோம். கடைசியில் கண்டுபிடித்த வழி ஒன்றுதான்: பின்பக்கம், இடது மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும். விட்டால் திரை "வெள்ளையாயிடும்". மறுபடி முதல் ரவுண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆடுகிறவனுக்கு இரண்டு கையும் தேவை என்பதால் அழுத்துவது என் வேலையானது. "ஸ்டெல்லா, வா, புடி" என்பான். அவன் தோளில் முகவாயை வைத்து, கையைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொள்வேன். ஒருதடவைகூட அவன் எனக்கு ஆடத் தந்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் தெரியாதவன் மாதிரி போகிற அண்ணன், அந்த நேரத்தில் மட்டும் முழுசாக என்னுடையவனாக இருந்தான். "ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போகப்போகுது பாரு" என்று அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போடுவாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு உலை வைத்தது சர்ச் காணிக்கைக் கவர். அதன் தடித்த காகிதத்தை நான்காக மடித்து, கேசட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அண்ணன் செருகினான். கேம் ஜம்மென்று ஓடியது. உடனே அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான், தனியாக. மறுநாள் அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்தக் காகிதத்தை உருவி எறிந்தேன். அவன் இன்னொன்று வைத்தான், அதையும் எடுத்தேன். மூன்றாவது முறை அவன் காகிதம் தேடவில்லை. "சரி, வா, புடி" என்றான். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எட்டாவது ரவுண்டு வரை போய்விட்டோம்; ஒன்பதுதான் கடைசி. அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு விடாத காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா என்னைக் கூட்டிப்போன ஒரே நாளில், வார்டு வாசலில் வாட்ச்மேன் மறித்துக்கொண்டார். "சின்னப் பசங்கள உள்ள வுட முடியாது சார். டாக்டர் பாத்தா எனக்குத்தான் பேஜாரு." படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த வாரம், அண்ணன் கேட்கிறான் என்று அப்பா கேமை எடுத்துப் பையில் போட்டார். ஒரு காகிதத்தை மடித்துச் செருகிக் கொடுக்க எனக்கு அரை நிமிஷம் போதும். நான் செருகவில்லை. கேம் ஓடாவிட்டால் என்னைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும், அப்போது அந்த வாட்ச்மேன்கூட வழிவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரண்டு நாள் தலைவாரி, நல்ல கவுன் போட்டுக்கொண்டு வீட்டு கேட் அருகே காத்து நின்றேன். யாரும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அண்ணன் இறந்துபோனான்.

அப்பா திருப்பிக் கொண்டுவந்த பையை யாரும் திறக்கவில்லை. ஆனால் என் மனசுக்குள் அது மூடவே இல்லை. இன்றும் ஆபீசில் கம்ப்யூட்டர் திரை வெள்ளையாகி நின்றால் என் கட்டைவிரல் தானாக மேசை விளிம்பை அழுத்துகிறது. பக்கத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். பயமாகத்தான் இருக்கும், ஆனாலும் கையை எடுக்க மனசு வராது.

தாம்பரம் வீடு இடிபட்டு அபார்ட்மெண்ட் ஆகிவிட்டது. வீடு மாறியபோது அந்த கேம் எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. அம்மாவும் போய்விட்டாள். அப்பா இப்போது பள்ளிக்கரணையில் என்னோடு இருக்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம், ஏரிப்பக்கம் பார்த்த பால்கனியில் அவர் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். காகிதத்தை உருவியது, கடைசியில் வைக்காமல் விட்டது, எல்லாவற்றையும்.

அப்பா என்னைப் பார்க்காமலே பேசினார். "தெரியும்மா. அவனே சொன்னான். 'பேப்பர் வச்சா ஓடும்ப்பா, ஆனா ஸ்டெல்லா எடுத்துடுவா. அவளையே கூட்டிட்டு வாங்க'ன்னான். ரெண்டு நாளும் அதையேதான் கேட்டான். கெஞ்சியிருந்தா வாட்ச்மேன் விட்டிருப்பாரு. உனக்கும் ஒட்டிக்குமோன்னு பயந்து, நான்தான் கூட்டிட்டுப் போகல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தப்புதானேம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.