டோர்கஸ் அத்தை பிடுங்கின குச்சி

எங்க மாமியார் டோர்கஸ் அத்தை இந்த வசந்தத்துல ஏரிக்குப் போனதே ஒரு முடிவு தெரியத்தான். போன கோடையில ஏரிக்கரை உடைஞ்சு, பாதித் தண்ணி மெக்கன்சி ஆத்தோட போயிடுச்சு. தண்ணியில வாழற மஸ்க்ராட் எல்லாம் செத்திருந்தா, அதப் பிடிக்கன்னு போட்ட கேம்ப மூடிட்டு, இனுவிக் டவுன்ல எங்க வீட்டுக்கே வந்துடறதா பேச்சு. நாங்க யாரும் மஸ்க்ராட்னு சொல்ல மாட்டோம், எலிதான்.

ஐஸ் பிடிச்ச புதுசுல எலி அதுல ஓட்டை போட்டு, அடியிலேருந்து புல்லத் தள்ளி மேல குட்டியா ஒரு கூடு கட்டும். மூச்சு விட, சாப்பிட. பனி கொட்டினா கூடு மறைஞ்சிடும். அதனால முன்னாடியே பக்கத்துல வில்லோ குச்சி நட்டு வெச்சிடணும். முட்டி வலியோட அத்தைதான் போய் எல்லாத்தையும் நட்டிருந்தாங்க.

மாமனார் வில்ஃப்ரெட் மாமா, இன்னும் உறைஞ்சு கெடந்த ஏரி மேல ஸ்கிடூ பனிவண்டிய நிறுத்தினாரு. அத்தை இறங்கறதுக்கே மூச்சு வாங்குச்சு.

"ஏய் கெழவி, எலி உன்னப் பாத்து சிரிக்கப் போகுது."

"உன் மூஞ்சியப் பாத்து செத்தே போயிருக்கும். கோடாரிய எடு."

முதல் கூட்ட வெட்டினா உள்ள கல்லு மாதிரி ஐஸ். அடி வரைக்கும் உறைஞ்சிருச்சு. அடுத்ததும் அப்படியே. அதுக்கடுத்ததுல ஒரு எலி சுருண்டு, உறைஞ்சு கெடந்துச்சு. அத்தை கையுறைய கழட்டி அது முதுக லேசா தடவினாங்க.

"எலி வாலு சுட்டுத் திங்கலாம்னு வந்தேன்"னு மாமா முனகினாரு. அப்புறம் மெதுவா, "போதும் டோர்கஸு. வா, போயிடலாம்."

"இன்னும் ஒரு குச்சி இருக்கு."

"உன் கால்?"

"அது என் காலு. நீ ஏன் கத்தற?"

வடக்கு மூலையில, ஆழமான எடம். நடந்தே போனாங்க, நொண்டி நொண்டி. கோடாரி ஒரு போடு போட்டதுமே புல்லு பிளந்துச்சு. உள்ள கறுப்பா தண்ணி! ஓரத்துல அப்பத்தான் கடிச்சுப் போட்ட பச்சைத் தண்டு! நான் கத்தியே விட்டேன். மாமா ஓடிப் போய் பொறிய எடுத்துட்டு வந்தாரு.

"வைக்காத"ன்னாங்க அத்தை.

"ஏன்?"

"இது ஒரு குடும்பம்தான் மிச்சம். இதையும் தின்னுட்டா அப்புறம் எதப் பாக்க வருவ?"

மண்டி போட்டு, கூட்ட மறுபடி மூடினாங்க. குளிர் காத்து உள்ள போனா ஓட்டை உறைஞ்சிடும்ல, அதான் புல்ல அமுக்கி, மேல பனிய அள்ளி அள்ளிப் போட்டு, கைய வெச்சுத் தட்டித் தட்டி. மண்டி போட்ட கால நீட்ட முடியல. நானும் மாமாவும் ரெண்டு பக்கமும் தூக்கி நிறுத்தினோம்.

அப்புறம் அவங்க நட்ட குச்சிய அவங்களே பிடுங்கிட்டாங்க. இந்த வழியா வர்ற எவனும் பாத்துடக் கூடாதாம். மாமா அந்தக் குச்சிய ஒடிச்சு டீக்கு நெருப்பு மூட்டினாரு.

"அப்போ இனுவிக் போறதில்லயா?"ன்னாரு.

அத்தை கப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஏரியப் பாத்தாங்க. சந்தோஷம்னு சொல்ல முடியல, அவ்ளோ களைப்பு அந்த மொகத்துல.

"அடுத்த தடவ ஐஸ் பிடிச்சதும் வந்து குச்சி நடணும்ல. நீயா நடுவ?"

மாமா அத்தை கப்புல இன்னும் கொஞ்சம் டீ ஊத்தினாரு.