கசந்த கை

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வாசலில் கிடக்கும் தெருநாயின் தொடைப் புண்ணுக்குக் களிம்பு போட்டால் போட்டதும் நக்கிவிடுகிறது. அலுத்துப்போய் இன்று வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் போகாத அந்த வாடை என்னைக் கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது.

இப்போது அங்கே பந்தல் இல்லை, மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். என் சின்ன வயதில் அப்பா அங்கே காவலுக்கு இருந்தார், அம்மா குலை நறுக்கினாள். காவல்நாய் கருப்பனின் தொடையைக் காட்டுப்பன்றி கிழித்ததில், புண்ணில் புழு வைத்துவிட்டது.

"மொதலாளி வேற நாய் தாரேன்னுட்டாக. இத விட்ருடி" என்றார் அப்பா.

"அவுக தரட்டும். இதுவும் இங்கனயே கெடந்துட்டுப் போகுது."

நாளெல்லாம் பந்தலடியில் அண்ணாந்து நின்ற உடம்போடு, அம்மா வேலியோரத்துச் சீத்தா இலையைக் கசக்கிச் சாறு பிழிவாள், புழுக்கள் நெளிந்து வெளியே விழும், அப்புறம் வேப்பெண்ணெய். கருப்பன் புண்ணில் மூக்கை வைப்பான், கசப்பில் தும்மிவிட்டுத் திரும்பிக்கொள்வான். அப்படித்தான் புண் மெல்ல மெல்ல மூடியது.

எத்தனை கழுவினாலும் அவள் பிசைந்து தரும் சோறு கசக்கும். நான் துப்பிவிடுவேன், திட்டக்கூடத் தெம்பில்லாமல் கல்தூணில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிடுவாள்.

தன் புண்ணை நக்காத கருப்பன், அதே கசப்பு ஊறிய அவள் கையை ஒவ்வொரு விரலாக நக்கிக்கொண்டிருப்பான்.