ஒரு நூல் நகர்ந்த ஆறு

மேப்பக்காவின் இடது கையில் மூன்று விரல்கள் மடங்காது. யாராவது கேட்டால், "அதுங்க எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிடுச்சுங்க" என்பாள். கேட்டவர் சிரித்துவிட்டுப் போவார். விரல்களை நொறுக்கியது அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்று தெரிந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

நில அளவை அலுவலகத்தின் பின்னறையில் அவளுக்கு மேப்பு வேலை, பெயரும் அதில் வந்ததுதான். ஆளுயர இரும்பு அலமாரிகள், அவற்றில் தட்டையான இழுப்பறைகள், இழுத்தால் துணி ஒட்டிய பழைய வரைபடங்கள். ஜன்னலோரம் ஒரு கண்ணாடி மேசை, அதன் அடியில் ட்யூப்லைட். நூறு வருடத்து வரைபடத்தை மேசையில் விரித்து, மேலே டிரேசிங் தாளைப் போட்டு, ஆற்றங்கரையைப் படியெடுப்பாள். பிறகு அறுபது வருடத்தது, பிறகு முப்பது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே ஒதுங்கிப் போனதும், விட்டுப்போன மண்ணில் ஊர் காலை நீட்டிக்கொண்டதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தாளில் நெருக்கமாக வீடுகள் இருந்த இடம் அடுத்த தாளில் வெறுமையாக இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் "கலவரத்தில் எரிந்தது" என்றிருக்கும். முந்நூறு வீடு எரிந்ததற்கு இரண்டே வார்த்தை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும்.

இந்தத் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. துணி ஒட்டிய தாள் ஈரத்தில் கிடந்து காய்ந்தால் சுருங்கும். அதனால் படியெடுக்கும் முன் தாளின் அடியில் அச்சடித்திருக்கும் அளவுக்கோட்டை ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்று போட்டிருந்தால் கோடு பதினாறு அங்குலம் இருக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் அதை அளக்காமல் பென்சிலைத் தொட்டதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்றைக்கு அதிகாரி தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். ஆற்றின் பழைய படுகைக்குள் இருக்கும் வீடுகளை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டப் போகிறார்கள், ஒரு மணி நேரத்துக்குள் பட்டியல் வேண்டும் என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அவள் அளவுக்கோட்டைப் பார்க்காமலே நூறு வருடத்து வரைபடத்தைப் படியெடுத்து, அதன் மணிக்கூண்டை இன்றைய வரைபடத்து மணிக்கூண்டின் மேல் பொருத்தி வைத்தாள். சந்தை மூலை அரை நூல் விலகி நின்றது. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பார்த்தாள். 'சந்தையை இடித்துக் கட்டியிருப்பார்கள்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே போனாள். படகுக்காரத் தெருவின் கிழக்கு வரிசை, முப்பத்தி நாலு வீடும், பழைய ஆற்றுக்குள் விழுந்தது.

நோட்டீஸ் ஒட்டிய மூன்றாம் நாள் அந்தத் தெருவின் படகுத் தச்சர் அவளைத் தேடி வந்தார். காதில் பென்சில், சட்டையெல்லாம் மரத்தூள்.

"அம்மா, எங்க தாத்தா கரை எதுன்னு காட்டிட்டுப் போயிருக்காரு. எங்க வீடெல்லாம் அதுக்கு இந்தப் பக்கம். ஒரே ஒரு தடவை மறுபடி அளந்து பாருங்க."

"எனக்குத் தொழில் கத்துக்குடுக்க வந்தீங்களா?" என்று அவள் எரிந்து விழுந்தாள். "உங்க தாத்தாவா மேப்பு போட்டாரு?"

அவர் அவள் மேசையையும் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

இடிப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்கியது. போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று லத்தியை ஓங்கினார்கள். குறுக்கே விழுந்த பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். யாரோ எறிந்த கல்லில் ஒரு போலீஸ்காரரின் பல் பெயர்ந்தது. அதற்குப் பிறகு ஆண் பெண் பார்க்கவில்லை, அடித்துத் துவைத்தார்கள். பொக்லைன் ஓட்டியவன் மேப்பக்காவின் தம்பி. தச்சரின் வீட்டுப் பின்சுவரை அவன் தட்டியபோது, அது உள்ளே விழுவதோடு நிற்காமல் கூரையையும் முன்சுவரையும் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் சரிந்தது. வாசற்படியை விட்டு நகராமல் நின்றிருந்த தச்சர் அதன் அடியில் போனார். தோண்டி எடுத்தபோது முகம் இல்லை. காதில் வைத்திருந்த பென்சிலைக் கொண்டுதான் அவர் மனைவி அடையாளம் சொன்னாள்.

தம்பி ஒரு வாரம் சோறு தொடவில்லை. "அவரு நின்னது எனக்குத் தெரியவே இல்லக்கா" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டான். அவள்தான் தேற்றினாள். "ஆத்துக்குள்ள வீட்டைக் கட்டினது அவங்க தப்புடா. மேப்பு சொன்னதைத்தானே நீ செஞ்சே?" அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

நாலு மாதம் கழித்து மழையில் பின்னறை ஒழுகியது. நனைந்த இழுப்பறைகளைக் காலி செய்யும்போது அந்த வரைபடம் கைக்கு வந்தது. அது நனையவில்லை. ஆனாலும் பழக்க தோஷம், ஸ்கேலை எடுத்து அளவுக்கோட்டின் மேல் வைத்தாள். பதினைந்தே முக்கால் அங்குலம். ஸ்கேலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே பதினைந்தே முக்கால். மைலுக்கு இரண்டு நூல் குறைச்சல். மணிக்கூண்டிலிருந்து கிழக்கே கரை அரை மைல், அதற்கு ஒரு நூல். தரையில் நாற்பத்தோரு அடி. உண்மையான கரை அவள் போட்ட கோட்டுக்கு நாற்பத்தோரு அடி கிழக்கே இருந்தது. முப்பத்தி நாலு வீட்டில் ஒன்றுகூட ஆற்றில் இல்லை.

கக்கூசுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

அதிகாரியிடம் சொன்னபோது அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "தெருக்காரங்க கேஸ் போட்டிருக்காங்க. அந்த மேப்பு மழையில நைஞ்சு போச்சுன்னு எழுதிடுங்க. உங்களுக்கும் நல்லது, உங்க தம்பிக்கும் நல்லது."

அவள் எழுதவில்லை. மறுநாள் மதியம் தம்பி வந்தான். அதிகாரி விஷயத்தை அவன் காதில் போட்டிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"அந்த மேப்பைக் குடுக்கா."

"மாட்டேன்டா. நான்தான் தப்புப் பண்ணேன். கோர்ட்ல அதைத்தான் சொல்லப் போறேன்."

"நீ சொன்னா நான் யாருக்கா? ஒண்ணுமே இல்லாததுக்கு ஒருத்தனை நசுக்கினவன்தானே? மேப்பு சரின்னுதான் நான் தூங்கிட்டு இருக்கேன்!"

அவள் இழுப்பறைக்குள் கையை விட்டு வரைபடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்துப் பார்த்தான், அவள் விடவில்லை. "விடுக்கா, விடுக்கா" என்று அழுதுகொண்டே இழுப்பறையைக் காலால் உதைத்துச் சாத்தினான். இரும்பு விளிம்பு விரல்களில் இறங்கியது. அவள் கத்தினாள், விடவில்லை. இரண்டாம் உதையில் எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. மூன்றாவது உதைக்குப் பிறகு அவன் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். வரைபடத்தின் ஓரத்தில் அவள் ரத்தம் ஊறியது, இன்னும் அந்தக் கறை போகவில்லை. டாக்டரிடம், கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள்.

கோர்ட்டில் கட்டுப்போட்ட கையோடு போய் நின்றாள். அளவுக்கோட்டை அளக்காதது, சந்தை மூலை விலகியதைப் பார்த்தும் விட்டது, தச்சர் வந்து கெஞ்சியது, அவரிடம் எரிந்து விழுந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கையில என்னம்மா?" என்றார்.

தம்பி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு இடுக்கு என்று சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு தப்புக் கோடு போட அவளால் முடியவில்லை.

"என் தம்பி உடைச்சான் ஐயா. இந்த மேப்பைக் கேட்டு."

அவன் ஓடவில்லை. போலீஸ்காரர் தோளில் கை வைத்ததும் எழுந்து நின்றான். அக்காவைப் பார்க்காமலே போனான். வெளியே வராந்தாவில் தச்சரின் மனைவி காத்திருந்தாள். கையை முழுசாக வீசி ஓர் அறை விட்டாள். மேப்பக்காவின் உதடு கிழிந்தது. பக்கத்தில் நின்ற வக்கீல் தடுக்க வந்தார். "விடுங்க சார்" என்றாள் மேப்பக்கா, "அவங்க அடிக்கட்டும்." அந்தப் பெண் இரண்டாவது அறை விடவில்லை.

அதிகாரிக்கு ஒரு மாற்றல் உத்தரவோடு எல்லாம் முடிந்தது. அவருக்கு அவ்வளவுதான். தம்பிக்கு இரண்டு வருடம். மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பாள். பார்க்க இஷ்டமில்லை என்று உள்ளேயிருந்து பதில் வரும். வீட்டுக்கு வந்து ஆத்திரம் தீர அழுவாள். அடுத்த மாதமும் போவாள்.

தெருக்காரர்களுக்கு மண்ணைத் திருப்பிக் கொடுக்கத் தீர்ப்பானது. எல்லைக் கல் நட மேப்பக்காவையே அனுப்பினார்கள். செங்கல் குவியல்களுக்கு நடுவே வீடு வீடாக அளந்துகொண்டு வந்தாள். இருபதாவது வீடு தச்சருடையது. அதுவரை அந்தந்த வீட்டுக்காரர் பிடித்துவந்த டேப்பின் மறுமுனையை இங்கே பிடிக்க ஆள் இல்லை. தச்சரின் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே வந்து பிடித்தாள். பழைய வாசற்படிக் கல் இன்னும் கிடந்தது.

"இங்கதான் நின்னாரு" என்றாள்.

மேப்பக்கா பழைய கரையிலிருந்து அந்தக் கல் வரைக்கும் டேப்பை இழுத்து, மடங்காத விரல்களால் அழுத்திப் பார்த்தாள். கரைக்கு இந்தப் பக்கம் முப்பத்தெட்டு அடி.

"முப்பத்தெட்டும்மா" என்றாள்.

அந்தப் பெண் டேப்பை விடவில்லை.

"மறுபடி அளங்க."

மேப்பக்கா மறுபடி அளந்தாள்.