ஆயுசுக்கும் ஒரே மைதானம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். அன்றிலிருந்து ரசத்துக்கு உப்பு போட்டேனா இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில் நிற்பதில்லை.

“அத்தை, ஆயுசு முழுக்க ஒரே ஒரு கோல்ஃப் மைதானத்துலதான் ஆடணும்னா... எதை செலக்ட் பண்ணுவீங்க?”

சும்மா பொழுதுபோகக் கேட்கிறார் என்று நினைத்து, “ஸ்காட்லாந்து” என்றேன். டிவியில் பார்த்ததுதான். கடலோரம், குளிர், சுற்றிலும் ஆடுகள். காசா பணமா, சொல்லி வைப்போமே!

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “இல்ல அத்தை, சீரியஸாதான் கேக்கறேன். பெங்களூரா, சென்னையா?”

எதிரே என் கணவர் தலை நிமிராமல் மோர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். மகள் ஊறுகாய் பாட்டிலின் லேபிளை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சை ஊறுகாயில் படிக்க என்ன இருக்கிறது? அப்போதே எனக்குச் சுரீரென்றது. மூன்று பேரும் பேசி வைத்திருக்கிறார்கள்!

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் கணவர் நெய்வேலியில் மைன்ஸ் இன்ஜினீயர். இன்னும் இரண்டு மாதத்தில் ரிட்டயர் ஆகிறார். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவருக்கு ரிட்டயர்மென்ட் வருஷம் வந்துவிட்டால், ஊரே அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “எங்க செட்டில் ஆகப் போறீங்க?” காய்கறிக் கடையில் கேட்பார்கள், பேங்க் வரிசையில் கேட்பார்கள், பல் பிடுங்கப் போனால் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார்கள். ஒரு வருஷமாக “பார்க்கணும்... பார்க்கணும்...” என்றே ஓட்டிவிட்டேன்.

மகளுக்கு நாங்கள் பெங்களூரில் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். என் கொழுந்தனாருக்கு நாங்கள் சென்னையில் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஃபிளாட்கூடப் பார்த்து வைத்துவிட்டார். இரண்டு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. எதைச் சொல்கிறேனோ அதில் ஆயுள் மெம்பர்ஷிப் எடுத்துத் தருவதாக மாப்பிள்ளை சொல்கிறார். ஒரு வாரத்தில் பெயரைச் சொல்ல வேண்டுமாம்.

ஆக, கேட்டது கோல்ஃப் இல்லை. மிச்சமிருக்கும் காலத்தை எந்த ஊரில் வாழப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அதை நேராகக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை, அதனால் பந்தையும் மட்டையையும் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கணவராவது காப்பாற்றுவார் என்று பார்த்தேன். “எனக்கென்ன, முட்டி போச்சு. ஆடறது அவதான். அவளே சொல்லட்டும்” என்று கை கழுவ எழுந்து போய்விட்டார். இரண்டு வகையிலும் கை கழுவிவிட்டார்!

நான் கோல்ஃப் ஆட வந்ததே ஒரு விபத்து. அவர்தான் கிளப்பில் சேர்ந்து மட்டைகள் வாங்கினார். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் ஆட நேரமில்லை, நேரம் வந்தபோது முட்டி ஒத்துழைக்கவில்லை. கோல்ஃப் பை ஹாலில் ஒரு மூலையில் நின்றது. வாங்கியது வீணாகிறதே என்று நாற்பத்தைந்து வயதில் நான் எடுத்தேன். வீணாகக் கூடாது என்று பழைய சோற்றையே தின்கிற ஜாதி நாம், கோல்ஃபை விடுவோமா?

எங்கள் மைதானத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்பதே குழிகள். செம்மண், முந்திரி மரங்கள், தூரத்தில் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு. மற்ற ஊர்களில் குழியைச் சுற்றி வெல்வெட் மாதிரி பச்சைப் புல் இருக்கும். எங்களுக்கு அங்கே மணல். காற்றில் பறக்காமல் இருக்க எண்ணெய் கலந்த மணல். அதில் பந்து சுலபத்தில் உருளாது, ஓங்கித்தான் தட்ட வேண்டும். ஆடி முடித்ததும் ஓரத்தில் கிடக்கும் சாக்கை இழுத்து நம் கால்தடத்தையெல்லாம் அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். பின்னால் வருகிறவருக்கு மணல் சமமாக இருக்க வேண்டுமே!

இந்தப் பழக்கத்தோடு போன மாதம் பெங்களூர் மைதானத்தில் இறங்கினேன். மாப்பிள்ளைதான் கூட்டிப் போனார். புல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றியது, அப்படி இருந்தது. குழிக்கும் பந்துக்கும் நான்கு அடி தூரம். ஊர் வழக்கப்படி ஓங்கி ஒரு தட்டு. பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டி, சரிவில் இறங்கி, ஒரு வாத்துக்குப் பக்கத்தில் குளத்தில் விழுந்தது. வாத்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே...

அதோடு விட்டேனா? வேறு பந்து வாங்கி ஒருவழியாகக் குழியில் போட்டுவிட்டு, சுற்றிச் சுற்றி வந்தேன். பையைத் தூக்கி வந்த பெரியவர் தமிழ்க்காரர். “என்னம்மா தேடறீங்க?” என்றார்.

“சாக்கு.”

“சாக்கா? எதுக்கும்மா?”

“கால்தடத்தைக் கூட்டிட்டுப் போக வேண்டாமா?”

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். எனக்கோ, பத்துப் பேர் சாப்பிட்ட பந்தியில் இலையை எடுக்காமல் எழுந்து போகிற மாதிரி ஒரு கூச்சம். மிச்சக் குழிகள் முழுவதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

சரி, சென்னை? கொழுந்தனார் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்த மைதானம் தெரியும். அழகுதான். ஆனால் சென்னை வெயிலில் நான்கு மணி நேரம் நடந்தால் மெம்பர்ஷிப்பில் ‘ஆயுள்’ என்கிற வார்த்தைக்கு அர்த்தம் சுருங்கிவிடுமே என்று பயம். பெங்களூர் என்றால் பேரன் இருக்கிறான். சென்னை என்றால் அவருக்குத் தம்பி இருக்கிறார். பேரனா, தம்பியா? குளிரா, கடலா? வாத்தா, வெயிலா? ஒரு நாளைக்கு மூன்று தடவை முடிவெடுத்தேன். ஒவ்வொன்றும் முந்தையதற்கு நேர்மாறு.

செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், இப்போது குடியிருப்பது டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்தில். காலை ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து நாலு மணிக்கு ஆட வருவாள். மொத்தமே மூன்று மட்டைதான் வைத்திருக்கிறாள், அதை வைத்தே என்னைத் தோற்கடிப்பாள்.

“என்னாக்கா, பந்தை வச்சிட்டு நின்னுகினே இருக்கீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். சாக்கை இழுத்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள்.

“அப்ப போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“எங்கன்னுதான் தெரியலை.”

“வடக்குத்துல எங்க வூட்டுக்குப் பக்கத்துலயே ஒரு வூடு வாடகைக்கு வருதுக்கா. ரிட்டயர் ஆனவங்களையும் இங்க ஆட வுடறாங்க. ஏன் பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் பறந்துகினு இருக்கீங்க?” என்றாள். சாக்கை ஓரத்தில் போட்டுவிட்டு, “நீங்க போய்ட்டா நான் யாரோட ஆடறது? தனியா ஆடி ஸ்கோரு சொன்னா யாரு நம்புவாங்க?” என்றாள்.

பத்து வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் கூட நடந்தவள். இரண்டு ஊருக்கு நடுவில் முழித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது மூன்று ஊர்!

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியவில்லை. ஆபீஸ் முடிந்து வந்து அவர் காபி குடிக்கும்போது எதிரே போய் உட்கார்ந்து, ஸ்டெல்லா சொன்ன வடக்குத்து வீட்டையும் சொன்னேன்.

“கோல்ஃபைத் தூக்கிப் போடுங்க. உங்களுக்கு எங்க இருக்க ஆசை?”

“சென்னைதான். உனக்குத்தான் சென்னை பிடிக்குமே.”

“எனக்கா? நான் எப்ப சொன்னேன்?”

“கல்யாணமான புதுசுல.”

“அது... பீச்சுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டேன்!”

பீச்சுக்கும் அவர் கூட்டிப் போகவில்லை என்பது வேறு கதை. டம்ளரைக் கீழே வைத்தார்.

“சத்தியமா எனக்குத் தெரியலைம்மா. சேர்ந்தப்ப ஹாஸ்டல்ல ரூம் குடுத்தாங்க. கல்யாணமானதும் ஒரு பிளாக்ல வீடு. புரமோஷன் வந்ததும் வேற பிளாக். அலாட்மென்ட் ஆர்டர் வரும், சாமானை ஏத்துவோம். உனக்கு எந்த வீடுப்பா பிடிக்கும்னு ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்லை.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் மட்டும் என்ன? நாலு குவார்ட்டர்ஸ் மாறியிருக்கிறேன். வந்த வீட்டை மெழுகிக் கோலம் போட்டேனே தவிர, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. ஒரு குறையும் இல்லாமல்தான் வாழ்ந்தோம். ஆனால் அறுபது வயதில் ஒருவர் வந்து ‘உனக்கு எது வேண்டும்?’ என்று கேட்டால், எங்களைப் போன்ற டவுன்ஷிப்வாசிகள் அலாட்மென்ட் ஆர்டரைத்தான் தேடுவோம். பழக்கமே இல்லையே!

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்ன அத்தை, எந்த மைதானம்?”

“அது வந்து மாப்பிள்ளை... இன்னும் கொஞ்சம் டைம்...” என்று நான் இழுக்க, என் கணவர் மேசைமேல் சாய்ந்து போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு வந்தார்.

“மாப்பிள்ளை, மெம்பர்ஷிப் இப்ப வேண்டாம். ஒரு வருஷம் நாங்க ஊர் ஊரா வாடகைக்கு இருந்து பார்க்கப் போறோம். முதல் மூணு மாசம் வடக்குத்து. அப்புறம் உங்க ஊர், அப்புறம் சென்னை. எது பிடிக்குதோ அதுக்கப்புறம் சொல்றோம்.”

முப்பத்து நான்கு வருஷத்தில் மனிதர் முதல் முறையாகத் தன் இஷ்டத்துக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைப் பிறகு அவருக்கு உறைக்கும்படி சொல்லிக்கொள்கிறேன்... இந்த வாரம் வேண்டாம்.