கையெழுத்துக்கு மேலே இருந்தது

“ஏங் கண்ணு, அத்தனை பேரும் அழகாக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே. ஒரு கைநாட்டுகூட இல்லை. அப்புறம் இவங்களுக்கு எதுக்குங் கண்ணு வகுப்பு?”

சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர் என் மனுவைப் புரட்டிக்கொண்டே இப்படிக் கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, “எங்க வார்டு கவுன்சிலர் கையெழுத்தைவிட நல்லாருக்குதுங்க” என்றார். அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

பகலில் எனக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. மாலையில் அருள்புரத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள ஒருநாளும் தயங்கியதில்லை. வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிப் பெண்கள். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் எம், எல், எக்ஸ்எல் எல்லாம் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். தங்கள் பெயரைக் காட்டினால் தெரியாது.

அரசு ஒதுக்கிய நிதி ஆறு மாதத்துக்கானது. ஓவர்டைம் போக அவர்கள் வந்த நாட்கள் அதில் பாதிகூட இருக்காது. நிதி முடிந்ததும் வகுப்பும் நின்றது. இன்னும் ஓராண்டு நடத்த நிதி வேண்டும், அதைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும் என்பதுதான் என் மனு. ‘கீழே கையெழுத்திட்டிருக்கும் முப்பத்தெட்டுப் பேரும் எங்கள் வகுப்பில் கற்றவர்கள்’ என்று முதல் வரியிலேயே பெருமையாக எழுதியிருந்தேன். அந்த வரி எங்களுக்கே எதிராகத் திரும்பும் என்று நினைக்கவில்லை.

உதவியாளர் தன்மையான மனிதர்தான். “அய்யாகிட்டச் சொல்றனுங்க” என்று மனுவை வாங்கி, மற்ற மனுக்களோடு வைத்தார்.

அன்று சாயங்காலம், வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலை. ஆறேழு ஆண்டு இருந்த கம்பெனியிலிருந்து சில வாரங்களுக்கு முன்புதான் நின்றிருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

“அவரு கேட்டதுல என்ன தப்பு?” என்றார் அக்கா.

“நீங்களே இப்படிச் சொன்னா எப்படிக்கா?”

“நானா வேலைய விட்டு நிக்கலத்தா. தெரியாம எழுதிக் குடுத்துட்டேன்.”

ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறார். ஆபீஸில் ஒரு தாளை நீட்டினார்கள். ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த மாதம் அது. லீவுச் சீட்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நின்றுகொள்வதாக அதில் இருந்தது. ஊரிலிருந்து திரும்பி வந்தவரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

“கைநாட்டு வச்ச காலத்துல ஒருத்தர் வாசிச்சுக் காட்டுவாக. வாசிச்சுக் காட்டுனேன்னு கீழ எழுதி அவுகளும் கையெழுத்துப் போடணும். இப்பத்தான் நான் படிச்சவளாயிட்டேனே. பேனாவக் குடுத்து, போடுக்கான்னுட்டுப் போயிட்டாக.”

“எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?”

“எங்க கையெழுத்தப் போட்டோ புடிச்சு ஊரு பூராம் காட்டிக்கிட்டுத் திரிஞ்ச. அந்த மொகத்துக்கிட்ட எப்பிடிச் சொல்ல?”

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. கையெழுத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் முடிவு. பெயரைப் புள்ளி புள்ளியாக எழுதிக் கொடுத்து, அதன்மேல் வாரக்கணக்கில் எழுதிப் பழக வைத்தேன். ரேஷன் கடையில் என் அம்மா பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூசி நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த மை ஒரு விரலிலும் இருக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். பெயருக்கு மேலே இருக்கிற வரிகளைப் பற்றி யோசிக்கவில்லை.

மனுவை மறுபடி எழுதினேன். ‘இவர்களுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அதை எதன் கீழே எழுதுகிறோம் என்று வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்குள் நிதி முடிந்துவிட்டது.’ இந்த இரண்டு வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. அக்காவின் சம்மதத்தோடு அவருக்கு நேர்ந்ததையும் சேர்த்தேன். பிறகு எல்லாரையும் கூட்டி வரி வரியாக வாசித்துக் காட்டினேன். ‘ஏழை எளிய பெண்கள்’ என்ற இடத்தில் அக்கா நிறுத்தினார்.

“அத எடுத்துரு. நாங்க என்ன பிச்சையா கேக்கோம்? வேல செய்யிறவுக.”

எடுத்தேன்.

உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் நாளில் அக்காவும் நானும் போனோம். அவர் மனுவை முழுவதும் படித்துவிட்டு, “இது உங்களுக்கு நடந்ததுங்களா?” என்று அக்காவைக் கேட்டார்.

“ஆமாய்யா. இத இவ ரெண்டு தடவ வாசிச்சா. பொறவுதான் பேர எழுதுனேன்.”

அவர் மனுவை மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். “சட்டமன்றத்துல கேக்கறனுங்க. நிதி வந்துரும்னு இப்பச் சொன்னாப் பொய்யாயிருமுங்க. மனுக்கள் குழுவுக்கும் ஒண்ணு குடுத்துருங்க” என்றார்.

அது மாவட்டங்களுக்கே வந்து மனுக்களை விசாரிக்கும் சட்டமன்றக் குழு. கூப்பிட்டால் மனுதாரர் நேரில் போய்ப் பேச வேண்டும். மனுதாரர் என்ற இடத்தில் அக்காவே தன் பெயரை எழுதினார். குழு கேட்கும் ஐந்து பிரதிகளையும் போன வெள்ளிக்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம்.