ஆளில்லாத இடம்

லோதி ரோடு ஆபீஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூடிப்போன நூற்பாலைக்கு முதல் தடவையாக வருகிறேன். ஆலையை இடித்துவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். பலகையில் செங்கல் அடுக்கும் பெண்ணிடம் வாசல் எந்தப் பக்கம் என்று இந்தியில் கேட்கிறேன். "தமிழா சார்?" என்று சிரிக்கிறாள். சேலத்துக்காரியாம். பூங்காவுக்காகப் பாதி எழும்பிய சுற்றுச்சுவருக்கு உள்ளே ஒரு குடிசை வரிசையைக் காட்டுகிறாள். கொடியில் பள்ளிச் சீருடை காய்கிறது.

"மில்லு ஓடுனப்பருந்தே அங்கதான் இருக்கோம். சொவரு முடிஞ்சா காலி பண்ணணுமாம். இங்க ஆளே இல்லன்னு ஆபீஸ்ல எவனோ எழுதிட்டானாம். வந்து பாக்காமயா சார் எழுதுவாங்க?"

வரைபடத்தை மட்டும் பார்த்து அந்த வரியை எழுதியவன் நான்தான்.

"எழுதுவாங்கம்மா" என்கிறேன்.

"ஒரு கை புடிங்க சார்."

செங்கல் பலகையைத் தூக்கி அவள் தலையில் வைக்கிறேன். சுவரை நோக்கி நடக்கிறாள்.